கேளுங்கோ, சொல்லுறன்: கீமோ மருந்து கலக்கிற கையளுக்கு

போன மாசம் வீட்டிலை மிஞ்சிக் கிடக்கிற குளிசையளை என்ன செய்யிறது எண்டு ஒருத்தர் கேட்டதுக்குப் பதில் எழுதேக்கை, புற்றுநோய்க் குளிசையளை மட்டும் வெறுங்கையாலை அளையாதேங்கோ எண்டு போற போக்கிலை ஒரு வரி போட்டு விட்டன். அவ்வளவுதான். அதுக்குப் பிறகு வந்த கடிதங்களிலை முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆகையாலை இந்த முறை பல்லுவலி, சீனி வருத்தம் கேட்ட ஆக்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கோ, இடம் முழுக்க கீமோவுக்கு, அதுதான் அந்தப் புற்றுநோய் மருந்துகளுக்குப் போட்டுது. நான் முப்பது வருசத்துக்கு மேலை மருந்துக்குள்ளையே கிடந்திட்டு இப்ப பென்சன் எடுத்துக்கொண்டு உவர்மலையிலை இருக்கிற ஆள், தெரிஞ்சதைச் சொல்லுறன்.

கேள்வி: எங்கட ஆஸ்பத்திரியிலை கீமோ கலக்கிறதுக்கெண்டு தனி அறை இல்லை. பாமசியிலை ஒரு மூலையிலை மேசை போட்டுக் கலக்கிறம், தலைக்கு மேலை ஃபான் சுத்துது. குளோவ்ஸும் மாஸ்க்கும் போடுறம்தானே, அது காணாதோ ஐயா? (பாமசிஸ்ட் ஒருத்தி, பேரும் ஊரும் போடவேண்டாம் எண்டு கேட்டிருக்கிறா)

காணாது பிள்ளை. முதல்ல அந்த ஃபானை நிப்பாட்டுங்கோ, மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

ஒரு சின்னக் கதை. நான் வேலை பாத்த இடங்களுக்குள்ளை ஒண்டிலை, எங்கை எண்டு கேக்காதேங்கோ, இதே மாதிரித்தான் மேசையும் மூலையும். ஒருநாள் டொக்சோரூபிசின் கலக்கிக்கொண்டு நிக்கிறன், அது தெரியும்தானே, தோடம்பழச் சிவப்பிலை இருக்கிற மருந்து. போன் அடிச்சுது. வோர்ட்டிலை இருந்து அவசரமா இருக்கும் எண்டு போட்டிருந்த குளோவ்ஸோடையே போய் எடுத்துக் கதைச்சிட்டு வந்து மிச்சத்தைக் கலக்கினன். ரெண்டு நாள் கழிச்சு ஸ்டோர்ஸ் பெடியன் போனைத் துடைச்சுக்கொண்டு நிக்கேக்கை, "சேர், இதென்ன ரிசீவரிலை குங்குமம் மாதிரி" எண்டான். கிட்டப் போய்ப் பாத்தன். வெள்ளை ரிசீவரிலை, விரல் பிடிக்கிற அந்த உள்பக்கத்திலை, நாலு விரல் அளவிலை ரோஸ் நிறத்திலை காய்ஞ்சு போய்க் கிடக்கு. ரெண்டு நாளா அந்தப் போனை எத்தினை பேர் காதிலை வைச்சிருப்பினம்? சாப்பாட்டுக்கு முந்தி எத்தினை பேர் தொட்டிருப்பினம்? அதை விட எனக்கு வயித்தைக் கலக்கினது வேறை யோசினை. அண்டைக்கு நான் சைக்ளோபொஸ்பமைட்டும் கலக்கினனான், அதுக்கு நிறமே இல்லை, தண்ணி மாதிரி. சிவப்பு மருந்து நான் செய்த பிழையைக் காட்டிக் குடுத்திட்டுது, மற்றது எங்கையெங்கை போய் இருந்ததெண்டு இண்டைக்கு வரைக்கும் ஆருக்கும் தெரியாது.

இதுதான் விசயம். நாங்கள் பயப்பிடுறது குப்பி உடையிறதுக்கும் முகத்திலை தெறிக்கிறதுக்கும், ஆனா நாள் முழுக்க நடக்கிறது அதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கையிலை ஒட்டி, கையிலை இருந்து மேசைக்கு, மேசையிலை இருந்து பேனைக்கு, பிரிட்ஜ் கைபிடிக்கு, கதவுக்கு எண்டு ஊர்ந்துகொண்டு போறதுதான் கூட. கனபேருக்குத் தெரியாத இன்னொண்டு, கம்பனியிலை இருந்து புதுசா வாற பெட்டியைத் திறந்து எடுக்கிற குப்பியின்ரை வெளிப்பக்கத்திலையே மருந்து ஒட்டியிருக்கும். ஆராய்ச்சியளிலை திரும்பத் திரும்பக் கண்டு பிடிச்ச சங்கதி இது. அப்ப கலக்கிறவருக்கு மட்டுமில்லை, ஸ்டோர்ஸிலை பெட்டி பிரிச்சு அடுக்கிற பிள்ளைக்கும் குளோவ்ஸ் வேணும்.

சரி, என்ன செய்யவேணும்? கலக்கிறதுக்கெண்டு ஒரு கபினெட் இருக்கு, அதுக்குள்ளை காத்து மேலை இருந்து கீழை இறங்கும், உங்கட பக்கம் வராது, பிறகு ஃபில்டரைத் தாண்டி வெளியிலை போகும். வாங்கேக்கை கவனம். சேலைன், கண் மருந்து சுத்தமாச் செய்யிறதுக்கு இன்னொரு சாதி இருக்கு, பாக்க அண்ணன் தம்பி மாதிரித்தான் இருக்கும், ஆனா அதுக்குள்ளை காத்து பின் சுவரிலை இருந்து நேரா உங்கட முகத்துக்குத்தான் அடிக்கும். மருந்தைச் சுத்தமா வைச்சிருக்க அது திறம், கீமோவுக்கு அதைப் பாவிச்சா மருந்தை உங்களுக்கு விசிறி விடுற மாதிரி. ஆரோ தானம் தந்தது எண்டு அதிலை கீமோ கலக்கின இடம் எனக்குத் தெரியும், அங்கை வேலை செய்த பிள்ளையள் கபினெட் இருக்கு எண்ட நிம்மதியிலை மாஸ்க்கும் போடாமல் நிண்டதுகள்.

கபினெட்டுக்கு அடுத்தது குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் நடுவிலை மாட்டுற மூடின சாமான் ஒண்டு, மருந்தும் ஆவியும் வெளியிலை வராமல் இறுக்கிப் பிடிக்கும், நல்ல சாமான் ஆனா விலை கூட, எங்கட பக்கத்திலை எல்லா இடமும் கிடைக்கும் எண்டு நான் சொல்ல மாட்டன். அது இல்லாட்டியும் கைப்பழக்கத்திலை கனக்கச் செய்யலாம். முறுக்கிப் பூட்டுற லொக் சிரிஞ்தான் எடுங்கோ, சும்மா அமத்திச் செருகிறது வேண்டாம், அழுத்தத்திலை கழண்டு அடிக்கும். முக்கால் பங்குக்கு மேலை சிரிஞ்சை நிரப்பாதேங்கோ. குப்பிக்குள்ளை காத்தைத் தள்ளி அமுக்கம் ஏத்தாதேங்கோ, எடுக்கிற மருந்தை விடக் கொஞ்சம் குறைவாக் காத்து விட்டு உள்ளை இழுவையா வைச்சிருக்கவேணும், இல்லாட்டி ஊசியை எடுக்கேக்கை புகை மாதிரி வெளியிலை வரும். ட்ரிப் லைனை மருந்து சேர்க்க முதலே வெறும் சேலைனாலை நிரப்பி அனுப்புங்கோ, வோர்ட்டிலை மிஸ்ஸி காத்தெடுக்கிறன் எண்டு கீமோவை நிலத்திலை ஊத்தாமல் இருக்கும். மேசையிலை கீழ்ப்பக்கம் பிளாஸ்டிக் உள்ள உறிஞ்சிற விரிப்புப் போடுங்கோ.

குளோவ்ஸை நான் கடைசியா வைச்சதுக்குக் காரணம் இருக்கு, அது கடைசிக் காவல், ஆனா எல்லாரும் அதைத்தான் முதல் காவலா நினைக்கினம். ரெண்டு சோடி போடவேணும், உள் சோடி கவுன் கைக்கு உள்ளுக்கு, வெளிச் சோடி கவுன் கைக்கு மேலாலை. கீமோவுக்குச் சோதிச்சது எண்டு பெட்டியிலை போட்டிருக்கவேணும், பவுடர் இருக்கக்கூடாது, சாப்பாட்டுக் கடையிலை கொத்துப் போடுறவை போடுற மெல்லிய வினைல் குளோவ்ஸ் சரிவராது. 30 நிமிசத்துக்கு ஒருக்கா மாத்தவேணும், கிழிஞ்சா, மருந்து பட்டா உடனை மாத்தவேணும். கழட்டினாப் பிறகு சவுக்காரம் போட்டுக் கை கழுவவேணும், கை தேய்க்கிற அந்த அல்கஹோல் ஜெல் மருந்தை எடுக்காது, இன்னும் பரவலாப் பூசி விடும். கவுன் பின்பக்கம் கட்டுறதா, முன்பக்கம் திறப்பு இல்லாததா, தண்ணி ஊறாததா இருக்கவேணும், துணிக் கவுன் உறிஞ்சி வைச்சுக்கொண்டு உடம்புக்குக் குடுக்கும். நீல மாஸ்க் இந்த மருந்துக்குக் காவல் இல்லை. என் 95 தூளுக்குத் தாங்கும், ஆவிக்கு அதுவும் இல்லை.

இவ்வளவும் நானாச் சொல்லுறதில்லை. அமெரிக்காவிலை நியோஷ் எண்ட தொழில் பாதுகாப்பு நிறுவனம் 2004இலேயே எச்சரிக்கை எழுதி வைச்சிட்டுது, அதுக்குப் பிறகு யு.எஸ்.பி 800 எண்டு மருந்து நியமமே வந்து 2019 டிசம்பர் 1இலை இருந்து நடைமுறை. இதை ஒரு கடிதமா எழுதி, திகதி போட்டு, மேலதிகாரிக்குக் குடுத்து, கையெழுத்து வாங்கின கொப்பி ஒண்டை வீட்டிலை வையுங்கோ. வாயாலை சொன்னது ஒண்டும் நிக்காது, என்ரை அனுபவம். கபினெட் வரும் வரைக்கும் குறைஞ்சது இவ்வளவாவது: கலக்கிறது ஒரே ஒரு இடத்திலை, கதவு பூட்டி, அந்த நேரம் வேறை ஆக்கள் உள்ளை இல்லாமல், ஃபான் நிப்பாட்டி. வோர்ட்டுக்கு ஒரு மேசையிலை மிஸ்ஸிமார் கலக்கிறதை எப்பிடியாவது நிப்பாட்டி ஒரு இடத்துக்குக் கொண்டு வந்தாலே பாதிப் பிரச்சினை குறையும். இன்னொண்டு, போன் அடிச்சா அடிக்கட்டும்.

கேள்வி: நான் பாமசியிலை வேலை. கலியாணமாகி ஒரு வருசம், இப்ப பிள்ளைக்குப் பாக்கிறம். கீமோ டியூட்டி எனக்கும் சுத்தி வரும். கேட்டா "எல்லாருந்தானே செய்யினம்" எண்டினம். மாமி வேலையை விடச் சொல்லுறா. என்ன செய்ய? (கிண்ணியாவிலை இருந்து ஒரு தங்கச்சி)

வேலையை விடவேண்டாம் தங்கச்சி, டியூட்டியை மாத்தக் கேளுங்கோ. ரெண்டும் வேறை வேறை.

இந்த மருந்துகள் கெதியாப் பிரியிற கலங்களைத்தான் அடிக்கும், புற்றுநோய்க் கலம் பிரியிற மாதிரித்தான் வயித்துப் பிள்ளையும் முதல் மூண்டு மாசம் ஓட்டமா வளருது, மருந்துக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. அமெரிக்க நேர்ஸ்மாரை வைச்சுச் செய்து 2012இலை வந்த ஒரு பெரிய ஆய்விலை, கீமோ மருந்தோடை வேலை செய்தவைக்குக் கரு கலையிறது ஏறக்குறைய ரெண்டு மடங்கு எண்டு கண்டினம். பயப்பிடுத்தச் சொல்லேல்லை, காவலில்லாமல் வேலை செய்தவையும் அதுக்குள்ளை அடக்கம். ஆனா பிரச்சினை என்னெண்டா, வயித்திலை பிள்ளை எண்டு உங்களுக்கே தெரிய வர அஞ்சாறு கிழமை போயிடும், அந்த அஞ்சாறு கிழமைதான் முக்கியம். அதாலைதான் வயித்திலை இருக்கிறவை, பால் குடுக்கிறவை மட்டுமில்லை, பிள்ளைக்குப் பாக்கிறவையும் விலகி நிக்கக் கேக்கலாம் எண்டு வெளிநாட்டு விதிமுறையளிலை எழுதியே இருக்கு, ஆம்பிளையளுக்கும் அது பொருந்தும்.

"எல்லாருந்தானே செய்யினம்" எண்டு சொல்லுறவையிட்டைச் சண்டை பிடிக்காதேங்கோ, உங்கட டியூட்டியை எடுக்கிற ஆளுக்குப் பதிலா அவவின்ரை இரவு டியூட்டியை நீங்கள் எடுக்கிறன் எண்டு சொல்லிப்பாருங்கோ, இந்த ஊரிலை கடிதத்தை விட அது கெதியா வேலை செய்யும். கடிதமும் குடுங்கோ. மாமியிட்டை, டொக்டர் மாதிரி ஆரோ பத்திரிகையிலை எழுதினவர் வேலையிலை இருக்கச் சொன்னவர் எண்டு சொல்லுங்கோ.

கேள்வி: எனக்குக் கடைத்தெருவிலை ஒரு சின்னப் பாமசி. கீமோ எல்லாம் நாங்கள் விக்கிறதில்லை, ஊசியும் இல்லை. உங்கட கதை எங்களுக்குப் பொருந்தாதுதானே? (திருகோணமலை ரவுனிலை இருந்து)

முதலாளி, மூட்டுவாதக்காரருக்குக் குடுக்கிற மெதோட்ரெக்சேட் உங்கட றாக்கையிலை இல்லையோ? அது கீமோ மருந்துதான், அளவு குறைய. அசதியோபிரின், தமொக்சிஃபென், ஹைட்ரொக்சியூரியா எல்லாம் மேலை சொன்ன நியோஷின்ரை ஆபத்து மருந்துப் பட்டியலிலைதான் இருக்கு, தமொக்சிஃபெனும் அசதியோபிரினும் உலக சுகாதார நிறுவனத்தின்ரை புற்றுநோய் ஆய்வு அமைப்பு மனுசருக்குப் புற்றுநோய் வரப்பண்ணும் எண்டு முதல் வகுப்பிலை போட்ட மருந்துகள். நோயாளிக்கு நன்மை கூட எண்டபடியாலை குடுக்கினம், கவுண்டரிலை நிக்கிற பெடியனுக்கு அதிலை ஒரு நன்மையும் இல்லை.

பூச்சுப் போட்ட முழுக் குளிசையை அட்டையோடை குடுத்தா பெரிய பயம் இல்லை. போத்திலிலை இருந்து எண்ணிக் குடுக்கிறதுதான் சிக்கல், அடியிலை கிடக்கிற அந்த மஞ்சள் தூள் இருக்கே, அதுதான் மருந்து. மெதோட்ரெக்சேட்டுக்கெண்டு தனி ட்ரேயும் தனிக் கரண்டியும் வையுங்கோ, நிறம் வேறையா வாங்கினா மாறாது, குளோவ்ஸ் போட்டு எண்ணுங்கோ, எண்ணி முடிய ஈரத் துணியாலை துடைச்சு அந்தத் துணியை எறியுங்கோ. குளிசை எண்ணுற மெசினிலை போடவே கூடாது, தூள் பறக்கும், பிறகு அதே மெசினிலை சின்னப் பிள்ளைக்குப் பனடோல் எண்ணுவீங்கள். பாதியா உடைச்சுத் தரச் சொல்லி ஆரும் கேட்டா உடைக்காதேங்கோ, டொக்டரோடை கதைச்சு சின்ன மில்லிகிராம் குளிசையா மாத்திக் குடுங்கோ.

கேக்காததையும் சொல்லிப்போடுறன். மெதோட்ரெக்சேட் மூட்டுவாதத்துக்குக் கிழமைக்கு ஒருக்காத்தான், நாளுக்கு ஒருக்கா இல்லை. துண்டிலை வாசிச்சது மாறி ஒவ்வொரு நாளும் குடிச்சு ஆக்கள் செத்திருக்கினம். கவரிலை "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" எண்டு எந்தக் கிழமை எண்டதைத் தமிழிலை, தேவையெண்டாச் சிங்களத்திலையும், பெரிய எழுத்திலை எழுதுங்கோ, திங்கள் எண்டு எழுதாதேங்கோ, மாசத்துக்கு ஒருக்கா எண்டு விளங்கின கிழவி ஒருத்தியை எனக்குத் தெரியும்.

கேள்வி: கீமோ மருந்து யுத்தத்திலை அடிச்ச நச்சு வாயுவிலை இருந்துதான் வந்தது எண்டு மகன் சொல்லுறான். உண்மையோ, கூகிள் கதையோ? (உப்புவெளியிலை இருந்து ரிட்டயர்ட் வாத்தியார்)

உண்மை சேர். உங்களுக்கு விளங்கும், எங்கட திருகோணமலைத் துறைமுகத்திலை 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அதே மாதிரி அடுத்த வருசம் 1943 டிசம்பர் 2, இத்தாலியிலை பாரி துறைமுகத்திலை ஜேர்மன்காரன் அடிச்சான். அதிலை ஜோன் ஹார்வி எண்ட அமெரிக்கக் கப்பலுக்குள்ளை ரகசியமாக் கொண்டு வந்த மஸ்டர்ட் எண்ட நச்சு வாயுக் குண்டு ரெண்டாயிரம் அளவிலை இருந்தது, அது வெடிச்சு எண்ணெயோடை கலந்து தண்ணியிலை பரவீட்டுது. நீந்தித் தப்பி வந்த கப்பல்காரரை ஆஸ்பத்திரியிலை என்ன செய்தவை எண்டா, ஒருத்தருக்கும் விசயம் தெரியாது, குளிரிலை நடுங்கிறாங்கள் எண்டு எண்ணெய் ஊறின உடுப்போடையே போர்வையாலை சுத்திப் படுக்க வைச்சினம். நஞ்சு தோலாலை இறங்கிக்கொண்டே இருந்தது, அவையைப் பாத்த நேர்ஸ்மாருக்கும் கண்ணெரிவு வந்தது. பிறகு ஸ்டுவர்ட் அலெக்சாண்டர் எண்ட இராணுவ டொக்டர் வந்து பாத்தார், செத்தவையின்ரை இரத்தத்திலை வெள்ளை அணுக்கள் அப்பிடியே விழுந்து கிடந்தது.

வெள்ளை அணுக்கள் கூடி வாற புற்றுநோய்க்கு இதைப் பாவிக்கலாமே எண்ட யோசினை யேல் பல்கலைக்கழகத்திலை அதுக்கு முந்தியே தொடங்கீட்டுது. 1942இலை ஒரு நோயாளிக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் குடுத்துப் பாத்தவை, யுத்த ரகசியம் எண்டு 1946 வரைக்கும் வெளியிலை விடேல்லை. இண்டைக்கு வோர்ட்டிலை ஓடுற சைக்ளோபொஸ்பமைட் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். அந்த உடுப்பையும் போர்வையையும் நினைச்சுக்கொள்ளுங்கோ சேர், கீழை ஒரு கேள்விக்கு அது வேணும்.

கேள்வி: நான் வோர்ட்டிலை லேபர் வேலை. கீமோ போத்தில் விழுந்து உடைஞ்சா எங்களைத்தான் கூப்பிட்டு மொப் அடிக்கச் சொல்லுவினம். ஒருத்தரும் என்ன மருந்து எண்டு சொல்லுறதில்லை. என்ன செய்யவேணும்? (மூதூரிலை இருந்து)

தம்பி, இந்த மாசம் வந்ததுக்குள்ளை எனக்கு மனம் கனத்த கடிதம் இது. படிச்ச ஆக்களுக்குக் கபினெட்டும் கவுனும், தெரியாத ஆளுக்கு மொப்.

மொப் அடிக்காதேங்கோ. மொப் அடிச்சா வோர்ட் முழுக்கப் பூசி விடுறதுதான், அடுத்த வோர்ட்டுக்கும் அதே மொப் போகும். ஆக்களை விலக்கி, ஃபானை நிப்பாட்டி, கதிரை ஒண்டை மறிச்சுப் போட்டு, ரெண்டு சோடி குளோவ்ஸ், கவுன், கண்ணாடி, என் 95 போட்ட பிறகுதான் கிட்டப் போகலாம். தண்ணியா இருந்தா உறிஞ்சிற துணியை மேலாலை மெல்லமாப் போடுங்கோ, தூளா இருந்தா ஈரத் துணியாலை மூடுங்கோ, தூளைக் கூட்டினா பறந்து நெஞ்சுக்குள்ளை போகும். வெளி ஓரத்திலை இருந்து நடுவுக்குத் துடைக்கவேணும். கண்ணாடித் துண்டை விரலாலை எடுக்காமல் சின்னச் சவலாலை அள்ளுங்கோ. பிறகு சவுக்காரத் தண்ணி, பிறகு ப்ளீச்சிங் தண்ணி எண்டு துடைச்சு, எல்லாத்தையும் கீமோக் கழிவு எண்டு எழுதின தடிச்ச பையிலை ரெண்டு தரம் கட்டவேணும். இதுக்குத் தேவையான சாமான் எல்லாம் ஒரு பெட்டியிலை போட்டு வோர்ட்டிலையே வைக்கவேணும், அதைக் கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு, என்ன மருந்து எண்டு கேக்கவும் உரிமை இருக்கு.

உடுப்பிலை பட்டா வேலை முடியட்டும் எண்டு நிக்காதேங்கோ, கழட்டுங்கோ, உடம்பைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ. பாரியிலை செத்தவையிலை எத்தினை பேரை அந்த ஊறின உடுப்புக் கொண்டதோ ஆருக்குத் தெரியும். கண்ணிலை பட்டா 15 நிமிசம், மணிக்கூடு பாத்து, ஓடுற தண்ணியிலை பிடிக்கவேணும், பிறகு டொக்டர். கழிவை ஆஸ்பத்திரிக்குப் பின்னாலை கிடங்கிலை போட்டு எரிக்கச் சொன்னா மாட்டன் எண்டு சொல்லுங்கோ, இந்த மருந்து அழியிறதுக்கு 1200 பாகை செல்சியஸ் அளவிலை எரிக்கிற போறணை வேணும், கிடங்கிலை எரிச்சாப் புகையாத்தான் உங்களுக்கே திரும்பி வரும்.

கேள்வி: அம்மாவுக்கு கீமோ ஏத்திப்போட்டு அண்டைக்கே வீட்டை விட்டிடுவினம். நான்தான் பாக்கிறன், எனக்கு ரெண்டு வயதிலை பிள்ளை. அம்மாவைத் தொட்டாலே ஆபத்து எண்டு பக்கத்து வீட்டிலை சொல்லுகினம். (தம்பலகாமம்)

பக்கத்து வீட்டைப் போய் வேலையைப் பாக்கச் சொல்லுங்கோ. அம்மாவைக் கட்டிப்பிடிக்கலாம், மடியிலை பேரப்பிள்ளையை வைச்சிருக்கலாம், ஒரே சட்டியிலை சமைச்சுச் சாப்பிடலாம். கவனம் எல்லாம் சலம், மலம், சத்தி, இந்த மூண்டிலையும்தான், ஏத்தி முடிஞ்சு 48 மணித்தியாலம் வரைக்கும், சில மருந்து இன்னும் கூட நிக்கும், வோர்ட்டிலை கேளுங்கோ. கொமட்டெண்டா மூடியை மூடிப்போட்டு ரெண்டு தரம் தண்ணி அடியுங்கோ, குந்தியிருக்கிறதெண்டா தெறிக்காமல் பக்கத்தாலை நிறையத் தண்ணி ஊத்துங்கோ. சத்தி எடுத்த பேசினை குளோவ்ஸ் போட்டுக் கழுவுங்கோ. பட்ட துணியை மற்ற உடுப்போடை சேர்க்காமல் ரெண்டு தரம் தோயுங்கோ, கல்லிலை அடிச்சுத் தோய்க்க வேண்டாம், தெறிக்கும். பிள்ளைக்குப் பம்பர்ஸ் மாத்திற இடத்திலை அம்மாவின்ரை துணியைப் போடாதேங்கோ. அவ்வளவுதான்.

கேள்வி: ஆஸ்பத்திரியிலை மருந்து இல்லை, வெளியிலை வாங்கச் சொல்லி எழுதித் தந்திட்டினம். கொழும்பிலை வாங்கி இரவு பஸ்ஸிலை கொண்டுவரப் போறன். ஐஸ் பெட்டி வேணுமோ? (நிலாவெளி)

மருந்தைப் பொறுத்தது, ஆனபடியாத்தான் விக்கிறவரிட்டைக் கேட்டு எழுதி வாங்குங்கோ. வின்கிறிஸ்டின், டிரஸ்டுசுமாப் மாதிரியானது 2இலை இருந்து 8 பாகைக்குள்ளை வரவேணும், ரெஜிஃபோம் பெட்டியிலை ஐஸ் பக்கெட் வைச்சு, ஐஸ் நேரா முட்டாமல் நடுவிலை பேப்பர் மடிச்சு வையுங்கோ, உறைஞ்சாலும் பழுதுதான். சிஸ்பிளாட்டின் எண்டா நேரெதிர், குளிரிலை வைச்சா அடியிலை படிஞ்சு போடும், வெயில் படாமல் சும்மா கொண்டு வாங்கோ. குப்பியை நிமித்தி வைச்சு, பொலித்தீன் பையிலை போட்டு இறுக்கி, அதை இன்னொரு பையிலை. காலடியிலையும் மேல் றாக்கையிலையும் வைக்காமல் மடியிலை. அந்தப் பெட்டிக்குள்ளை சாப்பாட்டுப் பார்சல் வைக்கிற வேலை வேண்டாம். பஸ்ஸிலை உடைஞ்சிட்டா பையைத் திறக்காதேங்கோ, அப்பிடியே கொண்டு வந்து பாமசியிலை குடுங்கோ, காசு போனது போனதுதான்.

கேள்வி: கீமோ கலக்கிற நாளிலை பால் குடிச்சா விசம் முறியுமாம், உண்மையோ?

இல்லை. பாலும் இல்லை, இளநியும் இல்லை, வல்லாரையும் இல்லை. மாசாமாசம் இரத்தம் சோதிச்சாக் காணும் எண்டு நினைக்கிறதும் அதே மாதிரித்தான், இரத்தத்திலை மாறுதல் தெரியேக்கை கனக்கப் பட்டிருக்கும். 1979இலை ஃபின்லாந்திலை கீமோ குடுக்கிற நேர்ஸ்மாரின்ரை சலத்திலை மரபணுவை மாத்திற தன்மை இருக்கெண்டு கண்டு எழுதினாப் பிறகுதான் உலகம் இதைக் கவனிச்சது, அவையும் தங்களுக்கு ஒண்டுமில்லை எண்டுதான் நினைச்சிருப்பினம். சோதிக்கிறதெண்டா மேசையைச் சோதியுங்கோ.

கேள்வி: மேசையைச் சோதிக்க லாப் வசதி எங்கை இருக்கு? நான் பயிற்சி குடுக்கிற ஆள், பிள்ளையளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நோகுது, நம்புதுகள் இல்லை. (பாமசிஸ்ட், உவர்மலை)

அட, பக்கத்திலைதான் இருக்கிறியள். லாப் வேண்டாம், கடையிலை ஒரு போத்தில் டொனிக் வோட்டர் வாங்குங்கோ, நோட்டுக் கள்ளநோட்டோ எண்டு பாக்கிற நீல லைட் ஒண்டு ஆரிட்டையாவது இரவல் எடுங்கோ. டொனிக் வோட்டருக்குள்ளை குயினைன் இருக்கு, சாதாரண வெளிச்சத்திலை பச்சைத் தண்ணி மாதிரித்தான் இருக்கும், அந்த நீல லைட்டிலை பளிச்செண்டு மின்னும். காஸைப் போக்காட்டி, வெறும் குப்பியளிலை ஊத்தி ரப்பர் மூடி போட்டு, இதுதான் கீமோ எண்டு சொல்லிப் பிள்ளையளைக் கலக்க விடுங்கோ. எப்பவும் போலச் செய்யட்டும், ஒண்டும் சொல்லாதேங்கோ. முடிய, யன்னல் மூடி, லைட் நூத்து, நீல லைட்டைப் பிடியுங்கோ.

நான் ஒருக்காச் செய்து பாத்தன். மேசையிலை துளித்துளியா மின்னினது, அது எதிர்பாத்தது. பேனையிலை மின்னினது. கபினெட் சுவிச்சிலை மின்னினது. தான் ஒரு துளியும் சிந்தேல்லை எண்டு சத்தியம் பண்ணின பிள்ளைக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்ட இடத்திலை, மூக்குக்குப் பக்கத்திலை, ஒரு விரலடையாளம். ஒருத்தரும் கதைக்கேல்லை. அடுத்த நாள் நான் சொல்லாமலே ரெண்டு சோடி போட்டுக்கொண்டு நிண்டுதுகள். போத்திலிலை மிச்சம் இருந்தா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடியுங்கோ, குப்பியிலை ஊத்தினதை இல்லை.